லாங்கோலன் கால்வாயில் ஒரு நாள்: மேற்கே நீர்ப்பாலமா, கிழக்கே லாக்குகளா?

நீரோட்டம்:
வேல்ஸ் எல்லையில் சர்க் படகுத்துறையிலிருந்து ஒரு நாள் வாடகைப் படகு. ஆறு பேர், சுக்கான் பிடித்த அனுபவம் யாருக்கும் இல்லை. மேற்கே பொன்ட்கசுல்டே நீர்ப்பாலம் (கால்வாயையே தாங்கிப் போகும் பாலம்), கிழக்கே நியூ மார்ட்டனில் இரண்டு லாக் (இரு பக்கமும் கதவு வைத்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டி). எந்தப் பக்கம் போகலாம்?

அமரத்தான்:
மேற்கே. வழியில் லாக்கே கிடையாது. 1805இல் திறந்த அந்தப் பாலத்தின் இரும்புத் தொட்டியில் போகும்போது டீ ஆறு ஏறத்தாழ 38 மீட்டர் கீழே ஓடும். பொறியாளர்கள் டெல்ஃபோர்டும் ஜெஸப்பும் செய்த வேலையை உடலால் உணர இதைவிட நல்ல இடம் இல்லை.

மதகு:
மன்னிக்கணும் சார், லாக் இல்லாத கால்வாய்ப் பயணம் பாதிப் பயணம். கிழக்கே மட்டும் என்ன குறை? 1801இல் கட்டிய சர்க் நீர்ப்பாலமும் 421 மீட்டர் சுரங்கமும் அந்தப் பக்கம்தான். லாக் அகலம் 7 அடி, படகு 6 அடி 10 அங்குலம். உள்ளே போனபின் படகு திரும்ப முடியாது, புதியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

அமரத்தான்:
ஆபத்து பக்கவாட்டில் இல்லை, பின்னால் இருக்கிறது. கிழக்கே போனால் லாக்குகள் இறங்குமுகம். மேல்கதவின் அடியில் உள்ளே நீட்டியிருக்கும் கல்படிதான் ‘சில்’ (cill). லாக் நிறைந்திருக்கும்போது அது கண்ணில் படாது. அமரம் (படகின் பின்முனை) அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், நீர் வடிய வடிய அணியம் (முன்முனை) கீழே சாயும். முன்பக்கம் தண்ணீர் ஏறினால் படகு மூழ்கிவிடும். முதல் லாக்கே இறங்குமுகமாக இருப்பது நல்லதல்ல.

இன்னொன்று: டீ ஆற்று நீர் மேற்கே லாங்கோலன் பக்கமிருந்து வருவதால் கிழக்கே போகும்போது ஓட்டம் உதவும், திரும்பும்போது எதிர்க்கும். சுரங்கத்தில் படகே வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். அங்கே எஞ்சினை முறுக்கினால் அமரம்தான் தாழும், வேகம் அதிகரிக்காது. களைத்த மாலையில் அது வேண்டாம். மேற்கே போனால் கஷ்டம் காலையிலேயே முடிந்துவிடும்.

மதகு:
ஓட்டம் பற்றிச் சொன்னது சரி. அந்தச் ‘சில்’ படி விஷயத்தில் ஒழுங்காகச் செய்தால் பயமில்லை. சுவரில் வெள்ளைக் கோடு இருக்கும், சுக்கான் எப்போதும் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். கயிற்றைக் கரைக்கம்பத்தில் முடிச்சுப் போடக் கூடாது, ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே வரணும். மதகைத் திறப்பவர் கண் படகின் மேலேயே இருக்கட்டும். படகு சிக்கினால் கீழ்மதகுகளை உடனே மூடிவிட்டு, அப்புறம் மேல்மதகை மெல்லத் திறந்து தண்ணீரை ஏற்றலாம். மதகைச் சுழற்றித் திறக்கும் விண்ட்லஸ் கைப்பிடியைத் தண்டிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. பிடி நழுவினால் அது வேகமாகச் சுழன்று கையை உடைக்கும்.

கரையோரம்:
இரண்டு பேரும் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கணும். நாள் படகுகளை லாக்குக்குள் விடாத நிறுவனங்கள் உண்டு. அனுமதி இருந்தாலும் கணக்குப் போடுங்கள்: ஒரு லாக்குக்குச் சுமார் 15 நிமிடம், போக வர நான்கு முறை, வரிசையில் காத்திருப்பது தனி. வேக வரம்பு மணிக்கு 4 மைல், நடைமுறையில் 3கூட வராது.

எந்தப் பக்கம் போனாலும் புரொப்பல்லரில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே அமரத்திலுள்ள வீட் ஹேட்ச் (புரொப்பல்லருக்குக் கை எட்டும் திறப்பு) மூடியைத் திறக்கணும். திரும்ப மூடும்போது இறுக்கம் போதாவிட்டால் புரொப்பல்லர் தள்ளும் நீர் உள்ளே வந்து படகே மூழ்கலாம். தரை தட்டினால் முன்னே தள்ளாதீர்கள், ரிவர்ஸ் போடுங்கள்.

நீரோட்டம்:
ஒப்பந்தத்தில் லாக் கூடாது என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் மேற்கே. லாங்கோலன் வரை போய்வர முடியுமா?

மதகு:
வேண்டாம், நீர்ப்பாலத்தைத் தாண்டியதும் வரும் ட்ரெவரில் திருப்பிவிடுங்கள். அதற்கப்பால் ஒற்றைப் படகு மட்டும் போகும் குறுகல்கள் உண்டு. ஒருவர் கரையில் முன்னால் நடந்து எதிரே படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்லணும், நேரம் போய்விடும்.

அமரத்தான்:
இதில் மதகு சாரோடு உடன்படுகிறேன். பாலத்தில் நடைபாதைப் பக்கம் மட்டுமே கைப்பிடிக் கம்பி உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குச் சற்றே மேலே, அவ்வளவுதான். சிறுவர்கள் இருந்தால் லைஃப் ஜாக்கெட் போட்டுக் கேபினுக்குள் உட்கார வையுங்கள்.