டயல்-அப்பில் மெயில் அனுப்புவது: நேராகவா, ரிலே வழியாகவா?

திருவல்லிக்கேணி அச்சகத்தார்:
அச்சகத்தில் 5 கணினிகள், ஒரே தொலைபேசி லைன், அதில் டயல் செய்து இணையத்தில் சேர ஒரு 56கே மோடம். மூலையில் உள்ள லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. வெளியே போகும் மெயிலை அதுவே பெறுபவரின் சர்வரில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்பது என் எண்ணம். என் மருமகனோ, மெயிலை வாங்கி உரியவருக்கு அனுப்பிவைக்கும் இணைய நிறுவனத்தின் ரிலே சர்வரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்கிறார். எது சரி?

மயிலைவாசி:
மருமகன் சொல்வதுதான் சரி, ஐயா. 56கே என்பது இறங்கும் வேகம், வி.90 தரத்து மோடத்தில் ஏறும் வேகம் வினாடிக்கு 33.6 கிலோபிட்தான். 1 மெகாபைட் அட்டைப்படத்தை இணைத்தால் மெயிலில் போவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். லைன் சுத்தமாக இருந்தாலே ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். 4 வாடிக்கையாளர், 4 டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) என்றால் நேர்வழியில் 4 முறை ஏற்ற வேண்டும். ரிலே என்றால் ஒரே முறை ஏற்றி, நான்கு முகவரியையும் சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிடலாம். பிரதி எடுத்துக் கொடுப்பது அவர்கள் பாடு.

அண்ணாநகர் தபால்:
கணக்கில் தவறில்லை. ஆனால் ஒப்படைத்தது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு. ஒரு டெண்டருக்கு மாலை 4 மணி கெடு. 3 மணிக்கே ரிலேயிடமிருந்து 250, அதாவது ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற பதில் வந்துவிட்டது, நிம்மதியாக இருந்தேன். அவர்கள் சர்வரில் வரிசை தேங்கி, மறுநாள் காலை 11 மணிக்குத்தான் கடிதம் போயிருக்கிறது. மெயிலின் தலைப்பு வரிகளில் நேரம் அப்படியே பதிவாகியிருந்தது. நேராக அனுப்பியிருந்தால் அந்த 250 பெறுபவரின் சர்வரே சொன்னதாக இருந்திருக்கும்.

மயிலைவாசி:
உங்கள் இழப்பு பெரிதுதான். ஆனால் அன்று எதிர்ப்பக்கத்துச் சர்வர் படுத்திருந்தால்? ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று 4-இல் தொடங்கும் பதில் வந்து, கடிதம் உங்கள் வரிசையிலேயே கிடக்கும். லைனைத் துண்டித்த பிறகு மறுபடி யார் முயல்வது? ரிலே இரவு பகலாக, நாள்கணக்கில் முயலும். இன்னொன்று, டயல்-அப்பில் இணையத்தில் நம் கணினியின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரி ஒவ்வொரு அழைப்புக்கும் மாறுகிறது. நேற்று அதே முகவரியிலிருந்து யாரோ குப்பை மெயில் கொட்டியிருக்கலாம். அதனால் டயல்-அப் முகவரிகளை மொத்தமாகப் பட்டியலிட்டு, 550, அதாவது ‘ஏற்க மாட்டேன்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தும் சர்வர்கள் இருக்கின்றன.

அண்ணாநகர் தபால்:
ரிலேயும் கறுப்புப் பட்டியலில் விழத்தான் செய்கிறது. யாரோ ஒரு சந்தாதாரர் செய்த பாவத்துக்கு என் கடிதம் ஏன் திரும்பி வர வேண்டும்? அச்சகத்தாரே, எந்த டொமைனுக்கு எந்த வழி என்று சொல்லும் போஸ்ட்ஃபிக்ஸின் டிரான்ஸ்போர்ட் கோப்பில் ஒரு வரி எழுதினால் முக்கியமான டொமைனுக்கு மட்டும் நேர்வழி கொடுக்கலாம். மற்றவை ரிலேயில் போகட்டும்.

ரிச்சி தெரு:
அதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்யுங்கள். மோடம் தானாக டயல் செய்யும்படி வைத்திருந்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வரின் பெயரை வைத்து அதன் ஐ.பி. முகவரியை டி.என்.எஸ்.-இல் தேட லைன் திறக்கும். தொலைபேசி பில் ஏறும். போஸ்ட்ஃபிக்ஸில் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பில், வெளியே மெயில் அனுப்பும் வழியான எஸ்.எம்.டி.பி. (smtp) என்று எழுதிவிட்டால் கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும். இணைப்பு கிடைத்ததும் ஓடும் ஸ்கிரிப்டில் வரிசையைத் திறந்துவிடுங்கள். அவசரத்துக்கு வேறு நிறுவனத்தின் எண்ணை டயல் செய்வீர்களா? அப்படியானால் பழைய ரிலே உங்களை அந்நியராக எண்ணி மறுத்துவிடும். பயனர்பெயர், கடவுச்சொல் கேட்டு ஏற்கும் ரிலேயாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

திருவல்லிக்கேணி அச்சகத்தார்:
சந்தா ஒன்றுதான். எல்லாவற்றையும் ரிலேக்கு மாற்றி, பாடநூல் தரும் பதிப்பகத்துக்கு மட்டும் நேர்வழி வைத்தேன். வரிசையில் இருந்த 11 கடிதங்களில் 10 போய்விட்டன. பதிப்பகத்துக் கடிதம் மட்டும் 550. டயல்-அப் முகவரி என்றே காரணமும் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணாநகர் தபால்:
அப்படியானால் அந்த வரியை நீக்கிவிடுங்கள், ஐயா. கெடு உள்ள நாளில் மட்டும் அனுப்பிய கையோடு தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரிலே சொல்லும் 250-ஐ நான் இன்னும் நம்பவில்லை.