பீமில் துளை: கான்கிரீட்டுக்கு முன்னால் ஸ்லீவா, பின்னால் கோர் கட்டிங்கா?

வீட்டுக்காரன்:
வர்ற வெள்ளிக்கிழமை மேல்தளக் கான்கிரீட். ஒரு பீமைக் குறுக்கே தாண்டி 110 மி.மீ கழிவுநீர் பைப் போகணும். பீம் 230 அகலம், ஸ்லாபையும் சேர்த்து 450 ஆழம், தூணுக்குத் தூண் 4 மீட்டர். தூணை ஒட்டி 300 மி.மீ தள்ளி பிளம்பர் சாக்பீஸில் வட்டம் போட்டு வெச்சிருக்கார். இப்பவே ஸ்லீவ் (பின்னாடி பைப் நுழையறதுக்காக முன்கூட்டியே புதைக்கிற வெறும் குழாய்) வைக்கணும்ங்கிறார். மேஸ்திரியோ, "கான்கிரீட்டைப் போடுங்க சார், அப்புறம் கோர் மெஷின்ல வட்டமா அறுத்து ஓட்டை எடுத்துக்கலாம், இப்ப பைப்பைச் சொருகினா அடியில கான்கிரீட் இறங்காம தேன்கூடு மாதிரி பொத்தல் விட்டுடும்"ங்கிறார். யார் பேச்சைக் கேட்கிறது?

கணக்குப்பிள்ளை:
ஸ்லீவ்தான். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. போட்ட பிறகு துளை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை செய்வதுதான்.

டைமண்ட்பிட்:
பன்னிரண்டு வருஷமா கோர் மெஷின் ஓட்டுறேன். கண்ணைக் கட்டிக்கிட்டு யாரும் அறுக்கிறதில்ல சார். கம்பி இருக்கிற இடத்தை ஸ்கேனர் காட்டும். அதைப் பார்த்துக் கோடு போட்டுட்டுதான் பிட்டை (மெஷின்ல மாட்டுற அறுக்கும் முனையை) வைப்போம். ஒண்ணு கேட்கிறேன்: உங்க ஸ்லீவ் எத்தனை தடவை சரியான இடத்துல வந்திருக்கு? கழிவுநீர் பைப்புக்கு 60க்கு 1 சரிவு வெச்சா, 3 மீட்டர் ஓட்டத்துல மட்டம் 50 மி.மீ இறங்கும். கட்டில் போடுற இடம் மாறுது, கம்மோடு அந்தப் பக்கம் போகுது, பைப்போட வழியே மாறிடுது. அப்புறம் சும்மா கிடக்கிற ஸ்லீவுக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை போடச் சொல்லி எனக்குத்தான் போன் வரும்.

கணக்குப்பிள்ளை:
அது ஸ்லீவின் குற்றம் இல்லை, வரைபடத்தை முடிக்காமல் கான்கிரீட்டுக்கு நாள் குறித்தவர்களின் குற்றம். ஸ்கேனர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் எடுத்தும் கை தவறிய ஒரு சைட்டை நேரில் பார்த்திருக்கிறேன். வெளியே வந்த கான்கிரீட் உருளையின் பக்கத்தில் 16 மி.மீ கம்பியின் வெட்டுமுகம் வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது. அந்தப் பீமின் அடியில் இருந்ததே மூன்று கம்பிகள். ஒன்று போனால் 201 சதுர மி.மீ இரும்பு போயிற்று, மூன்றில் ஒரு பங்கு. அதை ஒட்டவைக்க என்ன பசை இருக்கிறது?

டைமண்ட்பிட்:
பிட் இரும்பைத் தொட்டா சத்தம் மாறும், சேறா வந்த தண்ணி தெளிஞ்சு வரும். அங்கேயே நிறுத்தணும். நிறுத்தாம அழுத்தினது ஆளோட தப்பு, மெஷினோட தப்பு இல்ல. பிரேக்கர் வெச்சு உடைக்கிறவங்களோட என்னைச் சேர்க்காதீங்க. அவங்க பீமையே அதிர வெச்சு, ஓட்டையைச் சுத்தி முறி விட வெச்சுட்டுப் போவாங்க.

கம்பிகட்டி:
ரெண்டு பேரும் வட்டம் எங்க இருக்குன்னு பாக்கவே இல்லையே? தூண்ல இருந்து 300! அந்த இடத்துலதான் நாங்க ரிங்கை (நீளக் கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையத்தை) நெருக்கிக் கட்டுவோம்.

கணக்குப்பிள்ளை:
கம்பிகட்டி அண்ணன் சொன்னதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் முறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்காரரே, பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டுவிசை அதிகம் வருவது தூணை ஒட்டிய பகுதியில். விரிசல் அங்கே சாய்வாக ஓடும், அதைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் நெருக்கமான ரிங்குகள். அந்த வழியில் ஒரு வட்டத்தை வைத்தால், ஸ்லீவோ கோரோ, இரண்டும் ஒரே கெடுதல்தான். தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தைப் போல் இரண்டு மடங்காவது, அதாவது 900 மி.மீ விலகுங்கள். முடிந்தால் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதிக்கே போய்விடுங்கள். ஆழத்திலும் நடுவில் வையுங்கள். நடு நீளத்தில் மேல்பக்கம் அமுக்கத்தைத் தாங்குகிறது, இழுவையை அடிக்கம்பி தாங்குகிறது. இடையில் இருக்கும் கான்கிரீட் விரிசல் விட்டதாகவே வைத்துத்தான் வளைவுக்குக் கணக்குப் போடுகிறோம். அங்கே ஒரு சின்ன வட்டம் போனால் பீம் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

பைப்லைன்:
பீமைத் துளைக்கவே வேண்டாமே? பீமுக்கு அடியில் இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொரு விஷயம், "110 பைப்புக்கு 110 ஸ்லீவ்" என்று யாரும் வாங்கி வந்துவிடாதீர்கள். 110 என்பது வெளி விட்டம், பைப்புக்குள் பைப் போகாது. 140 வேண்டும்.

டைமண்ட்பிட்:
இப்பதான் ஆட்டம் சூடு பிடிக்குது. 140 ஸ்லீவ். ரிங் இடைவெளி 150னு வைங்க. 8 மி.மீ ரிங்னா உள் இடைவெளி 142. ஸ்லீவுக்கும் ரிங்குக்கும் நடுவுல பக்கத்துக்கு 1 மி.மீ! 20 மி.மீ ஜல்லி எங்க சார் இறங்கும்? மேஸ்திரி தேன்கூடுன்னு சொன்னது இதைத்தான். நான் அறுத்தா ஓட்டைக்கு வெளியே இருக்கிற கான்கிரீட் முழுசா, இறுகி இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
நியாயமான அடி. ஆனால் அதே 1 மி.மீ சந்தில்தான் உங்கள் பிட்டும் போயாக வேண்டும், ரிங்கைத் தொடாமல். போடுவதற்கு முன்னால் என்றால் ரிங்கை நகர்த்தலாம். பிறகு நகர்த்த முடியுமா?

கம்பிகட்டி:
நாங்க இப்படித்தான் செய்வோம். ஸ்லீவ் வர்ற இடத்துல ரிங்கை ரெண்டு பக்கமும் 40, 50 தள்ளிக் கட்டிட்டு, பக்கத்துக்கு ஒரு ரிங் கூடுதலாப் போடுவோம். வட்டத்துக்கு மேலயும் கீழயும் குட்டைக் கம்பி. எவ்வளவு, என்ன சைஸுன்னு இன்ஜினியர்தான் சொல்லணும், அது என் வேலை இல்ல. ஸ்லீவை மட்டும் கட்டுக்கம்பியால நல்லா இழுத்துக் கட்டணும். இல்லன்னா மேல மிதந்து வந்துடும்.

வீட்டுக்காரன்:
மிதக்குமா? கான்கிரீட்லயா?

கணக்குப்பிள்ளை:
மிதக்கும். 140 விட்டத்தில் 230 நீளக் காலிக் குழாய், சுமார் 3.5 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அத்தனை ஈரக் கான்கிரீட்டின் எடை 8 கிலோவுக்கு மேல். அவ்வளவு விசையில் அதை மேலே தள்ளும், வைப்ரேட்டர் போட்டால் இன்னும் சுலபமாக எழும்பும். வாயை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அடைத்து, உள்ளே மணல் நிரப்பிவிட்டால் தள்ளுவது குறையும், சாந்தும் உள்ளே போகாது. வைப்ரேட்டரை ஸ்லீவின் மேல் வைக்காமல் இரு பக்கமும் இறக்கச் சொல்லுங்கள், அடியில் சாந்து சேர்ந்தால்தான் தேன்கூடு விடாது.

டைமண்ட்பிட்:
இத்தனை வேலையையும் ஒருத்தன் நின்னு பார்த்தா ஸ்லீவ் நல்லதுதான். நிக்கிறாங்களா? அதான் என் கேள்வி.

பைப்லைன்:
கேள்விக்கு வெளியே ஒன்று. மழைநீர்ப் பைப்பைத் தூணுக்குள்ளே மறைத்து இறக்கச் சொல்லி ஒருவர் என்னைக் கேட்டார். அழகுக்காம்.

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து வேண்டாம். தூணுக்குள் போகும் குழாய்கள் குறுக்குவெட்டில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஏசிஐ 318 என்ற அமெரிக்கக் கான்கிரீட் விதியின் பழைய பதிப்புகளில் இருந்த வரம்பு. 230க்கு 300 தூண் என்றால் 69,000 சதுர மி.மீ. 110 பைப் ஒன்றே ஏறக்குறைய 9,500, கிட்டத்தட்ட 14 சதவீதம். தூணில் ஏழில் ஒரு பங்கு வெறும் காற்று. அந்தப் பைப் என்றைக்காவது கசிந்தால் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்கும் தெரியாது.

அதே விதியில்தான் ஸ்லாபிலும் பீமிலும் புதைக்கும் குழாய்க்கு, தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதே, மையத்துக்கு மையம் மூன்று விட்டம் விடு என்ற வரம்பும் இருந்தது. குறுக்கே துளைத்துப் போகும் குழாய்க்கு அந்த வரம்பு நேராகப் பொருந்தாது; ஆனாலும் அதையே அளவுகோலாக வைத்தால் உங்கள் 450 பீமுக்கு 150, எனவே 140 விளிம்பில் தப்பிக்கிறது. 300 பீமாக இருந்தால் பைப்லைன் சொன்ன வழிதான், அடியில் இறக்குங்கள். மின்சாரப் பெட்டி பக்கம் எட்டுக் காண்ட்யூட்டை (மின்கம்பி போகும் குழாயை) விறகுக்கட்டு மாதிரி சேர்த்து ஸ்லாபில் படுக்க வைக்கிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்கலாம், எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது.

டைமண்ட்பிட்:
காண்ட்யூட்ல நீங்களும் நானும் ஒரே கட்சி. பீம்ல இல்ல.

வீட்டுக்காரன்:
இன்ஜினியரிடம் பேசினேன். பீமுக்கு அடியில் பைப் போனால் கதவு மேல் பகுதியில் தலை இடிக்கும் என்பதால் துளை இருக்கட்டும் என்றார். ஆனால் இடம் தூண் முகத்திலிருந்து 1.4 மீட்டருக்கு மாறியாச்சு. கழிப்பறைச் சுவர் கொஞ்சம் நகருது, வீட்டில் இரண்டு நாள் சண்டை. ஸ்லீவின் மையம் பீம் அடியிலிருந்து 225. ரிங்கும் குட்டைக் கம்பியும் அவர் எழுதிக் கொடுத்தபடி கட்டியிருக்கு. கான்கிரீட் அன்று நானே பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்காரன்:
இன்று பீமின் பக்கப் பலகையை மட்டும் கழற்றினோம், அடி முட்டு அப்படியே இருக்கு. ஒரு பக்கம் ஸ்லீவ் வாய் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு பக்கம் சுத்தமாகக் காணோம்! பலகைக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் சாந்து புகுந்து மெல்லிய ஏடு மாதிரி மூடியிருந்தது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன், ஓரிடத்தில் "டொக்" என்று வெறும் சத்தம். ஏட்டைப் பெயர்த்ததும் மணல் கொட்டியது. தேன்கூடு இல்லை. மட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு முனை 6 மி.மீ மேலே.

டைமண்ட்பிட்:
ஆறு மி.மீ ஏறிடுச்சில்ல! நான் சொல்லலையா?

கணக்குப்பிள்ளை:
ஆறுதான் ஏறியது, 140க்குள் 110 போக இன்னும் இடம் இருக்கிறது. சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் போகிற பக்கமா?

வீட்டுக்காரன்:
கம்மோடு பக்கம்தான் மேலே. போகிற திசைக்குச் சரியாகவே இருக்கு.

கம்பிகட்டி:
அப்ப அது நான் வேணும்னே கட்டினது.