பொன்வண்டு ஃபோகஸ் ஸ்டேக்கிங்: முதுகில் மங்கல் பட்டை, கொம்பைச் சுற்றி வளையம்

பனித்துளி:
காய்ந்த பொன்வண்டின் தலைப்பக்கத்தை 1:1 அளவில் (சென்சாரில் விழும் உருவம் வண்டின் நிஜ அளவே) எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 90 மிமீ மேக்ரோ லென்ஸ், எஃப்/5.6. கொம்பு நுனியிலிருந்து முதுகு வரை ஆழம் 8 மிமீ. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி 12 படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஒரே படமாகச் சேர்த்தால் (ஃபோகஸ் ஸ்டேக்கிங்), முதுகுக் குழிகள் ஒரு வரிசை துல்லியமாகவும் அடுத்த வரிசை மங்கலாகவும் வருகின்றன. உணர்கொம்பைச் சுற்றிப் புகை மாதிரி வளையம் வேறு. எஃப்/16 வைத்து லென்ஸ் துளையைச் சுருக்கினால் சரியாகுமா?

மரவட்டை:
வேண்டாங்க. 1:1-ல் ஃபோகஸ் ஆழம் என்பது 4 × எஃப் எண் × மங்கல் வட்டம் (ஒரு புள்ளி இவ்வளவு அகலம் வரை மங்கினாலும் துல்லியமாகவே தெரியும் என்ற வரம்பு). ஏபிஎஸ்-சிக்கு மங்கல் வட்டம் 0.02 மிமீ என்று வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.45 மிமீ. 8 மிமீ-ஐ 12 படத்தில் கடந்தால் ஒவ்வொரு அடியும் (ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு ஃபோகஸ் நகரும் தூரம்) 0.7 மிமீ. நடுவில் கால் மிமீ எந்தப் படத்திலும் ஃபோகஸ் ஆகவில்லை. அதுதான் அந்தப் பட்டை. 0.3 மிமீ அடி வையுங்க. 28 படம், முன்னும் பின்னும் இரண்டிரண்டு கூட்டி 32.

எஃப்/16 என்று வைத்தாலும் 1:1-ல் அது எஃப்/32 ஆகத்தான் வேலை செய்யும். சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளையும் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி 0.04 மிமீ அகலத்துக்குப் பரவும். உங்க சென்சாரில் அது பத்துப் பிக்சல். எத்தனை படம் சேர்த்தாலும் போன நுணுக்கம் திரும்பாது.

பனித்துளி:
நன்றி. ஒவ்வொரு அடிக்கும் கேமராவையே ரெயிலில் (முன்பின் நகர்த்தும் தண்டவாளம்) நகர்த்தணுமா, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் போதுமா?

கண்ணாடிவில்லை:
1:1 வரை வளையமே போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ரெயில். ஃபோகஸைத் தானாக நகர்த்திப் படம் எடுக்கும் கேமராவின் ஃபோகஸ் பிராக்கெட்டிங்கில் இருக்கும் 1, 2, 3 எண்கள் மில்லிமீட்டர் இல்லை. ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, பிராக்கெட்டிங்கில் அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து, துல்லியமான கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்க. ஸ்கேலில் 1 மிமீ நகர்ந்தால் ஆழத்தில் 0.7 மிமீ.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டும் மேனுவல். ஸ்டெபிலைசர் ஆஃப், மின்விசிறியும் ஆஃப்: காய்ந்த கொம்பு லேசான காற்றுக்கே ஆடும். மலிவான எல்இடி விளக்கு என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/25. வேகம் கூடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பு படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றிவிடும். ஓடு பளபளப்பானது, வண்டைச் சுற்றி டிரேசிங் பேப்பரை உருளையாக வையுங்க.

சென்சாரை முதலில் ஊதிச் சுத்தம் செய்யுங்க. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப உருவ அளவு கொஞ்சம் மாறும், மென்பொருள் அதை நீட்டிச் சுருக்கிப் பொருத்தும். ஒரே தூசு 32 இடத்தில் விழுந்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் புள்ளிக்கோடாக நிற்கும்.

மரவட்டை:
கொம்பைச் சுற்றிய புகை வளையத்தைப் பற்றி: பின்பக்கம் ஃபோகஸ் ஆன படங்களில் கொம்பு மங்கிப் பெருத்து, பக்கத்தில் உள்ளதை மறைக்கிறது. அந்த இடம் சுத்தமாகத் தெரியும் படமே இல்லை. பின்னணியைத் தள்ளி வைத்து, கொம்பின் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த நிறம் கொடுத்தால் பாதி மறையும்.

மீதிக்கு ஜெரீன் ஸ்டேக்கர் என்ற ஸ்டேக்கிங் மென்பொருள். அதில் படங்களைச் சேர்க்கும் முறைகள் பிமேக்ஸ், டிமேப். பிமேக்ஸ் முறை ஒன்றை ஒன்று கடக்கும் முடி, கொம்புகளை நன்றாகப் பிரிக்கும். ஆனால் நாய்ஸும் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) கான்ட்ராஸ்டும் ஏறும். டிமேப்பில் ஓட்டின் பச்சை அப்படியே இருக்கும், கொம்பு ஓரத்தில் தடுமாறும். இரண்டையும் ஓட்டி, டிமேப் படத்தின் மேல் கொம்பை மட்டும் பிமேக்ஸிலிருந்து ரீடச் பிரஷ்ஷால் எடுத்து வையுங்க. ஷார்ப்பனிங் அதற்குப் பிறகுதான். முன்னாடியே செய்தால் நாய்ஸைக்கூட விவரம் என்று நினைத்து மென்பொருள் பொறுக்கிக்கொள்ளும்.