ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும்போது எண்ணெய் தீப்பிடித்தது: மூடியை எடுத்ததும் மறுபடி எரிகிறதே, ஏன்?

தக்கலை மருமகள்:
ஓணத்துக்கு சிப்ஸ் போட்டுக்கிட்டிருந்தோம். சீனச்சட்டியில ரெண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய். மாமி காய் சீவ உட்கார்ந்த நேரத்துல புகைஞ்சு குப்புன்னு பத்திக்கிச்சு. கொழுந்தன் கேஸை அணைச்சு தோசைக்கல்லை மேல கவிழ்த்தார், அணைஞ்சுது. கொஞ்சம் கழிச்சுக் கல்லை எடுத்தா மறுபடியும் தீ! கேஸ் ஆஃப்லதான் இருந்தது.
இன்னொண்ணு, மாமி சொல்லுதாங்க: "சிப்ஸ்ல உப்புத்தண்ணி விடத்தானே செய்யுதோம்? ஒரு செம்பு ஊத்தியிருந்தா அப்பமே அணைஞ்சிருக்கும்." என்ன பதில் சொல்ல?

மார்த்தாண்டம் சிப்ஸ் கடை:
கொழுந்தன் மூடினது ரொம்ப சரி, திறந்ததுதான் அவசரம். காத்து இல்லாம தீ அணைஞ்சுதே தவிர எண்ணெய் ஆறலை. 350 டிகிரியைத் தாண்டின எண்ணெய்க்குத் தீக்குச்சி வேண்டாம், காத்து பட்டாலே போதும். ரெண்டு லிட்டர் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும், அதுவரை தொடாதீங்க. சட்டியைத் தூக்கிக்கிட்டு முற்றத்துக்கு ஓடவே கூடாது.
மாமி கேட்டது நியாயமான கேள்வி. சிப்ஸ் போடுறப்போ எண்ணெய் 170, 180 டிகிரிதான். ஒரு கரண்டி உப்புத்தண்ணி சடசடன்னு பொரிஞ்சு ஆவியாயிடும். அந்தச் சத்தம் அடங்குறதை வச்சுத்தானே காயை வாருறோம். எரியுற எண்ணெய் அதைப்போல ரெண்டு மடங்கு சூடு. தண்ணி கனம், அடிக்கு இறங்கும், இறங்கின வேகத்துல ஆவியாகி கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். அது எண்ணெயைத் துளித்துளியாக் கிளப்பிவிட, ஒவ்வொரு துளியும் காத்துல பத்தும். தீ கூரையைத் தொடும், ஊத்தினவங்க முகத்திலயும் விழும்.

குளச்சல்காரன்:
மூடி கைக்கு எட்டலைன்னா கோதுமை மாவு அள்ளிப் போடலாமா?

மார்த்தாண்டம் சிப்ஸ் கடை:
வேண்டாம் அண்ணே, பறக்குற மாவே தீப்பிடிக்கும். சமையல் சோடா சின்னத் தீக்கு ஆகும், ஆனா வீட்டுல இருக்கிற பொட்டலம் இவ்வளவு எண்ணெய்க்குப் பத்தாது. அதனால சட்டியை அடுப்புல வைக்குறதுக்கு முன்னாடியே அதைவிடப் பெரிய தாம்பாளம் ஒண்ணைப் பக்கத்துல வச்சிடுங்க. கண்ணாடி மூடி ஆகாது, சூட்டுல வெடிக்கும். மேல இருந்து போடாம, உங்க பக்கத்துல இருந்து அந்தப் பக்கமா சறுக்கி மூடுங்க.

தக்கலை மருமகள்:
தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா?

நாகர்கோவில் எலக்ட்ரீசியன்:
கடைகள்ல கிடைக்குறது பெரும்பாலும் ஏபிசி பவுடர், அதாவது மரம், பெட்ரோல், கேஸ் தீக்கான பொடி. தீ அடங்கும், எண்ணெய் ஆறாது, உங்களுக்கு நடந்த மாதிரியே திரும்பப் பத்தும். கிட்ட நின்னு அடிச்சா எண்ணெயும் தெறிக்கும். ஹோட்டல் அடுக்களைக்குன்னு பொட்டாசியம் உப்புக் கரைசல் உள்ளது தனியா இருக்கு. எண்ணெய் மேல சோப்புப் படலமா மூடி, சூட்டையும் இறக்கும். வீட்டுக்குத் தாம்பாளம் போதும். அதையும் மீறி அலமாரியில பத்திட்டா எல்லாரும் வெளிய வந்து 101 இல்லைன்னா 112.

தக்கலை மருமகள்:
மாமிக்குப் படிச்சுக் காட்டினேன். இப்போ கேக்குதாங்க, அந்த எண்ணெயை வடிகட்டி வச்சுக்கலாமான்னு!

மார்த்தாண்டம் சிப்ஸ் கடை:
தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு மனசு வராதுதான். ஆனா எரிஞ்ச எண்ணெய் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் புகையும், பத்தும். நல்லா ஆறினப்புறம் பழைய டப்பால ஊத்தித் தூரப் போட்டிருங்க, அங்கணத்துல கொட்டாதீங்க.