இலக்கியம், கணக்கியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடியுமா?

வரவுபற்று:

எல்லோருக்கும் வணக்கம். எம்.காம். முடித்து ஐந்து வருடமாக ஒரு கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஒரு தலைப்பை மனதில் வைத்து இரண்டு வருடமாகப் படித்து, போன மாதம் நான்கு பக்கத்தில் எழுதி, வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்திருந்த பேராசிரியரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு "இதற்கு எந்தத் துறையில் பட்டம் கொடுப்பது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறை பற்றி அச்சில் வந்த முதல் நூல் 1494இல் வெனிசில் வந்த லூகா பேசியோலியின் நூல். நம் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிதான். எடுத்துப் பார்த்தால் அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். அந்த நூலே எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் என்று விரியும் பெரிய கணித நூல், கணக்குப்பதிவு அதற்குள் ஒரு சிறு பகுதி. முறையைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவும் இல்லை, வெனிஸ் வணிகர்கள் செய்வதை எழுதுகிறேன் என்கிறார். 1509இல் வந்த அவருடைய இன்னொரு நூலுக்குப் படம் வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி. இதைப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து.

அப்புறம் தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. 1719இல் வந்த நாவலில் ராபின்சன் குருசோ தீவில் உட்கார்ந்து தன் நன்மை தீமைகளைப் பற்று வரவு போல எழுதுகிறான். 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தன் வேதியியல் நூலில் எடைகளை இரு பக்கமும் சரிபார்க்கிறார். 1795இல் ஜெர்மன் எழுத்தாளர் கதே தன் நாவலில் இரட்டைப் பதிவு மனித மூளையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்கிறார். பேரேட்டின் வடிவம் கதைக்குள்ளும் ஆய்வகத்துக்குள்ளும் போனதா என்பதே என் கேள்வி. இதை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. பற்றி ஏதாவது செய் என்கிறார்கள். விட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

நூலகத்து மூலை:

விட வேண்டாம் மேடம். ஆனால் உங்கள் கடைசி உதாரணத்தை முதலில் சரிசெய்யுங்கள். நான் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன், இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வது கதே இல்லை, அவருடைய பாத்திரமான வெர்னர். வெர்னர் வணிகக் குடும்பத்துப் பையன். நாடகம் நாடகம் என்று அலையும் நண்பன் வில்ஹெல்மை வியாபாரத்தின் பக்கம் இழுக்கத்தான் அப்படிப் பேசுகிறான், வில்ஹெல்ம் அதற்கு மசிவதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக் கதேயின் வாயில் வைத்துக் கணக்கியல் புத்தகங்கள் முன்னுரையில் போட்டுக்கொள்கின்றன. யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்று பார்ப்பதுதான் இலக்கியப் படிப்பு உங்கள் ஆய்வுக்குத் தரக்கூடிய முதல் உதவி.

ஜெர்மன் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட் இரட்டைப் பதிவு கலீலியோ, நியூட்டன் முறைகள் பிறந்த அதே மனப்போக்கில் பிறந்தது என்றே எழுதினார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மனப்போக்கை யாரும் ஆவணக் காப்பகத்தில் போய் எடுத்துவர முடியாது.

குருசோவுக்கு வருகிறேன். அவனைப் படைத்த டேனியல் டீஃபோ வணிகர், 1692இல் 17,000 பவுண்டு கடனோடு திவாலானவர். பிறகு வணிகர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். கணக்கை ஒழுங்காக வைக்காதவனுக்கு என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார். இடது பக்கம் தீமை, வலது பக்கம் நன்மை. "உடுத்தத் துணி இல்லை" என்பதற்கு எதிரில் "இது வெப்பமான இடம், துணி இருந்தாலும் உடுத்த முடியாது" என்ற பொருளில் ஒரு பதிவு. திவாலான ஒருவர் மனதைத் தேற்றிக்கொள்ளப் பேரேட்டை எடுக்கிறார் என்று அதைப் படித்துப் பாருங்கள், அந்த ஒரு பக்கத்துக்கே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

சோதனைக்குழாய்:

வேதியியல் ஆசிரியை. லவாய்சியர் பற்றி எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். அவர் 1768இலிருந்து அரசரின் வரிக் குத்தகை நிறுவனத்தில் பங்குதாரர், 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை போனதும் அதனால்தான். காலையில் ஆய்வகம், பகலில் வரிக்கணக்கு என்று வாழ்ந்தவர். ஆனால் "வரிக்காரர், அதனால்தான் தராசு பிடித்தார்" என்று தாவிவிடாதீர்கள் தங்கச்சி. அதற்கு அவருடைய கடிதமோ கையெழுத்துக் குறிப்போ வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது 1789 நூலில் நொதித்தல் பற்றிய அத்தியாயம். தண்ணீர் 400 பவுண்டு, சர்க்கரை 100, ஈஸ்ட் 10, மொத்தம் 510 என்று தொடங்குகிறார். பிறகு ஈஸ்ட்டை உடைக்கிறார்: அதில் தண்ணீர் 7 பவுண்டு 3 அவுன்ஸ் 6 குரோ 44 கிரெயின், உலர்ந்த ஈஸ்ட் 2 பவுண்டு 12 அவுன்ஸ் 1 குரோ 28 கிரெயின். பிறகு ஒவ்வொன்றிலும் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று அட்டவணை அட்டவணையாகப் போகிறார். நொதித்து முடிந்த பிறகு வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், மிச்சச் சர்க்கரை எல்லாம் சேர்த்து மறுபடி 510. அந்த அட்டவணைகளை முதல்முறை பார்த்தபோது என் அப்பா கடையின் வருட முடிவுக் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

"எதுவும் புதிதாக உண்டாவதில்லை, சோதனைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம்" என்ற கருத்தை அவர் வைப்பதும் அதே அத்தியாயத்தில்தான். அதை அவர் முடிவாகச் சொல்லவில்லை, தொடங்கும் அடிப்படையாக வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

தணிக்கை மேசை:

இருபத்தெட்டு வருடமாகத் தணிக்கை. மேலே கொடுத்த ஈஸ்ட் எடையைக் கூட்டிப் பார்த்தேன். பழைய பிரெஞ்சு அளவில் 72 கிரெயின் ஒரு குரோ, 8 குரோ ஒரு அவுன்ஸ், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. 44ம் 28ம் 72, ஒன்று மேலே போகிறது. 6, 1, வந்த 1 சேர்த்து 8, மறுபடி ஒன்று மேலே. 3, 12, 1 சேர்த்து 16. 7, 2, 1 சேர்த்து 10. ஒரு கிரெயின் பிசகவில்லை. என் தொழிலில் இவ்வளவு சுத்தமாகக் கூட்டல் சரியாக வந்தால்தான் வவுச்சரை எடுத்து வா என்று கேட்போம்.

ஏனென்றால் எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளைத் திரட்டும் இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாக வருவது உலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடத்தில் எழுதுகிறோம், அதனால் சமமாகிறது. எழுதாமல் விட்டது அதில் தெரியாது, தவறான கணக்கில் எழுதியதும் தெரியாது. அதுவும் சமமாகாத போது நாம் செய்வது என்ன? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகிறோம். நான் பயிற்சியில் இருந்த அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் பேரேட்டில் 1,140 ரூபாய் அனாமத்து மூன்று வருடமாக அப்படியே கொண்டுவரப்பட்டிருந்தது. கடைசியில் தோண்டினால் 570 ரூபாய் பற்று வைக்க வேண்டியதை வரவு வைத்திருந்தார்கள். ஒரே பிழை, அதனால்தான் இரட்டிப்பு வித்தியாசம்.

பொருளியலாளர் பேசில் யாமி 1949இல் சோம்பார்டுக்கு எழுதிய மறுப்பை அவசியம் படியுங்கள். பழைய வணிகர்களின் பேரேடுகளை எடுத்துவைத்து, பலர் ஒழுங்காக வருடா வருடம் கணக்கு முடிக்கவே இல்லை என்று காட்டினார். ஒரு பேரேடு தீரும்போதுதான் முடித்து அடுத்ததற்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. எனக்கு அது ஆச்சரியமே இல்லை, கணக்கை அப்படி வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

குருசோவின் பட்டியல் இரட்டைப் பதிவே இல்லை அம்மா. துணி இல்லாத குறைக்கு எதிர்ப்பதிவு எந்தக் கணக்கில் விழுகிறது? தொகை இல்லை, மொத்தம் இல்லை. அது கைக்குறிப்பு.

இன்னொன்று. பேசியோலி முதல் புத்தகத்தில் சிலுவைக் குறி போட்டு, கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொல்கிறார். நம் கடைகளில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் பேனா நகரும். அந்தப் பகுதியைப் படித்தபோது மனசுக்கு நெருக்கமாக இருந்தது, அதற்காகச் சொல்கிறேன்.

வரவுபற்று:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. கதே விஷயத்தில் நான் பிழைதான், நான்கு பக்கத்தில் இரண்டு இடத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். அக்கா, ஒரு சந்தேகம். அந்த 510க்கு 510 உண்மையிலேயே தராசில் வந்ததா, அல்லது கணக்குப் போட்டு வரவழைத்ததா?

சோதனைக்குழாய்:

சரியான கேள்வி. அதற்குப் பதில் அவரே அந்த அத்தியாயத்தில் கொடுக்கிறார். தான் சில பவுண்டு சர்க்கரையில் மட்டுமே செய்ததாகவும், ஒப்பிட வசதியாக நூறு பவுண்டுக்குப் பெருக்கிக் காட்டியதாகவும், கிரெயின் வரை துல்லியம் இத்தகைய சோதனையில் கிடைக்காது, பெருக்கியபோது வந்த பின்னங்களை அப்படியே விட்டிருக்கிறேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். இரு பக்கத்தையும் ஒரு இயற்கணிதச் சமன்பாடு போல வைத்து, ஏதாவது ஒன்றைத் தெரியாததாகக் கொண்டு மற்றதிலிருந்து கண்டுபிடிக்கலாம், சோதனையைக் கணக்கும் கணக்கைச் சோதனையும் சரிபார்க்கும் என்கிறார். தணிக்கை ஐயா பாணியில் சொன்னால் வித்தியாசத் தொகையை வைத்து விட்டுப்போன பதிவைப் பிடிப்பது. ஆனால் பேரேட்டில் சமம் என்பது நாம் வைத்த விதி, குடுவையில் சமமாக இருக்கத்தான் வேண்டும் என்று யாரும் சத்தியம் செய்து தரவில்லை. அதை விதியாகவே எடுத்துக்கொண்டு நடந்தார் பாருங்கள், அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தணிக்கை மேசை:

இதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி அம்மா. "பேரேடு எங்கெல்லாம் போனது" என்று கேட்டால் ஊர் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். "இரு பக்கமும் சமம் என்று ஒருவர் எதை வைத்துச் சொல்கிறார்" என்று கேட்டால் பேசியோலி, குருசோ, லவாய்சியர் மூவரும் ஒரே மேசைக்கு வந்துவிடுகிறார்கள். ஆர்தர் கெய்லியையும் சேருங்கள், நம் பிள்ளைகள் கெய்லி ஹாமில்டன் தேற்றம் என்று படிக்கிறார்களே அவரேதான். 1894இல் இரட்டைப் பதிவு பற்றிச் சின்ன நூல் ஒன்று எழுதி, யூக்ளிடின் விகிதக் கோட்பாடு போல இதுவும் குறையற்ற கோட்பாடு என்றார். குறையற்றதாக இருக்கக் காரணம் அது உலகத்தைத் தொடாததுதானா என்று கேளுங்கள்.

பழைய வாத்தியார்:

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இது எந்தத் துறை என்று கேட்டாராமே அந்தப் பேராசிரியர், அவரிடம் தமிழில் கணக்கு என்றால் என்ன என்று கேளுங்கள். கடையில் எழுதுவது கணக்கு, பள்ளியில் போடுவது கணக்கு, எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் பதினெண்மேற்கணக்கு, திருக்குறளும் நாலடியாரும் பதினெண்கீழ்க்கணக்கு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் கணக்காயர். கணக்காயர் இல்லாத ஊரால் நன்மை இல்லை என்று திரிகடுகம் சொல்கிறது, நக்கீரரே மதுரைக் கணக்காயனார் மகன். பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தில் பலாப்பழத்துக்குள் எத்தனை சுளை என்று அறுக்காமல் சொல்ல ஒரு வெண்பா இருக்கிறது: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகு. அது பாட்டா, கணிதமா, பழத்தை மொத்தமாக விலை பேசுகிறவனுக்கான கணக்கா? நான் மாணவர்களிடம் ஒரு முறை பழத்தைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பிலேயே எண்ண வைத்தேன். முள்ளில் எது காம்பருகு முள் என்பதிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது, சுளை எண்ணி முடிக்கும் முன் தின்றும் விட்டார்கள். உங்கள் ஐரோப்பிய ஆய்வில் இதைத் திணிக்கச் சொல்லவில்லை மகளே. முன்னுரையில் அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

வரவுபற்று:

ஐயா, பதினெண்கீழ்க்கணக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன், அந்தச் சொல்லுக்குள் நான் தினமும் நடத்தும் பாடம் இருப்பது ஒருநாளும் உறைக்கவில்லை. நேற்று இரவே முதல் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். கதே அடிக்குறிப்புக்குப் போய்விட்டார், வெர்னர் பெயரோடு. லவாய்சியரின் நொதித்தல் அட்டவணைகள்தான் இப்போது நடு அத்தியாயம். துறை வணிகவியல்தான், இணை வழிகாட்டியாக ஒரு வேதியியல் பேராசிரியரைக் கேட்கப் போகிறேன்.

ஒரே ஓர் உதவி. ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் இதுவரை வைத்திருக்கிறேன். பிரெஞ்சு மூலத்தில் அந்த அட்டவணைகளின் தலைப்புகளில் கணக்கு எழுதுகிறவர்களின் சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச்சேரி பக்கம் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மொத்தம் ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும்.