பென்டிரைவில் தீமிதிப் படங்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன, ஃபார்மட் பண்ணலாமா?

பெகுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோவில் தீமிதிப் படங்கள், மூன்று வருடத்துது, மொத்தம் 11 ஜிபி ஒரே பென்டிரைவில் வைத்திருந்தேன். வேறு காப்பி கிடையாது, திட்டாதீர்கள். ஆல்பத்துக்கு நாற்பது படம் பிரிண்ட் போட ஒரு கடையில் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் லேப்டாப்பில் செருகினால் ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டி அம்புக்குறி, அளவு 2 கேபி என்று காட்டுகிறது. ஆனால் கிளிக் செய்தால் படங்கள் திறக்கின்றன, அதனால் முதல் நாள் கண்டுகொள்ளவே இல்லை. நேற்று மச்சானின் பென்டிரைவை அதே லேப்டாப்பில் போட்டேன், அதற்கும் அம்புக்குறி வந்துவிட்டது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணுங்கள், சரியாகிவிடும் என்கிறார். பண்ணட்டுமா?

கமலா_ரங்கூன்:
ஐயோ, ஃபார்மட் பக்கமே போகாதீர்கள் தம்பி. படங்கள் அந்தப் பென்டிரைவிலேயேதான் இருக்கின்றன. ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்கள், 11 ஜிபி நிறைந்ததாகவே காட்டும். இந்த வைரஸ் உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்தி வைக்கும். நீங்கள் கிளிக் செய்ததும் முதலில் தன் வேலையை முடித்துக்கொண்டு, அப்புறம் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால்தான் சந்தேகமே வராது.

முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். எக்ஸ்பி, விஸ்டா என்ற பழைய விண்டோஸ்களில் இருந்த அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-ல் அப்டேட் கொடுத்து நிறுத்தியது. இப்போது நாமே கிளிக் செய்தால்தான் ஓடும், செய்ய வைக்கத்தான் இந்த வேஷம்.

போனில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கி பென்டிரைவை ஆண்ட்ராய்டு போனில் செருகுங்கள். விண்டோஸ் ஷார்ட்கட் அங்கே ஓடாது, மறைத்த ஃபோல்டர்களும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள். படங்களை மட்டும் போனுக்கு எடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். எடுத்ததை இன்னொரு இடத்திலும் காப்பி போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு ஃபார்மட் பண்ணிக்கொள்ளுங்கள்.

மோல்மேன்_மணி:
அக்கா சொன்னது சரி, ஆனால் லேப்டாப்பை விட்டுவிட்டாரே. மச்சானின் பென்டிரைவுக்குத் தொற்றியது உங்கள் லேப்டாப்பிலிருந்துதான். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை முதலில் அப்டேட் செய்துவிட்டு அதில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் ஓடும். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம்!

இந்த வகை லேசானது இல்லை. பிளக்எக்ஸ் என்று ஒரு வைரஸ் பென்டிரைவில் இதே வித்தையைக் காட்டும். அமெரிக்காவில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து எஃப்பிஐ அதை அழித்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உங்களுடையது அதுதான் என்று சொல்லவில்லை.

இன்னொன்று, ஃபைல் பெயரின் வாலை (.pdf, .exe மாதிரி கடைசியில் வருவது) காட்டும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள், பிடிஎஃப் மாதிரி வேஷம் போட்டு வரும் எக்ஸ்இ, அதாவது ப்ரோகிராம் ஃபைல், அதில் மாட்டும். ஷார்ட்கட்டுக்கு மட்டும் வால் அப்போதும் தெரியாது, அதற்கு அம்புக்குறியும் டைப் என்ற பத்தியும்தான் துணை. கடைக்குக் கொடுக்க நான் பக்கவாட்டில் லாக் உள்ள எஸ்டி கார்டைத்தான் எடுத்துப் போவேன். லாக் போட்டால் பெரும்பாலான ரீடர்கள் அதில் எழுதாது.

பெகுக்காரன்:
ரொம்ப நன்றி. கேட்கிறதோடு இதையும் கேட்டுவிடுகிறேன். மருமகன் சிநேகிதனிடமிருந்து ஜாப்யாவில் (இன்டர்நெட் இல்லாமலே போனுக்குப் போன் ஃபைல் அனுப்பும் ஆப்) ஒரு வீடியோ பிளேயர் ஏபிகே (ஆப்பைப் போடும் ஃபைல்) வாங்கிப் போட்டிருக்கிறான். டேட்டா செலவாகாது என்று இங்கே எல்லாரும் அப்படித்தானே வாங்குகிறோம். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது.

கமலா_ரங்கூன்:
வீடியோ பிளேயருக்கு எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபி படிக்கத்தான். இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். அதே போனில் பண ஆப் இருந்தால் வேறு போனிலிருந்து பின் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள். ஜாப்யாவில் பாட்டு, படம் வாங்குவது வேறு, ஏபிகே வாங்குவது வேறு. சிநேகிதன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு யார் கொடுத்தது என்று அவனுக்கே தெரியாது. சந்தேகமான ஏபிகேயை வைரஸ்டோட்டல் என்ற வெப்சைட்டில் ஏற்றினால் எழுபது சொச்சம் ஸ்கேனர்கள் பார்த்துச் சொல்லும். குடும்பப் படம், பத்திரம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதை மற்றவர்களும் இறக்கிப் பார்க்க முடியும்.

பெகுக்காரன்:
படங்கள் கிடைத்துவிட்டன! அக்கா சொன்ன மாதிரியே பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று, அதற்குள் எல்லாம். அம்மா கரகம் தூக்கி வரும் படம்தான் முதலில் திறந்தது. லேப்டாப்பில் ஸ்கேன் இரண்டு ஃபைலைப் பிடித்தது, மச்சானின் பென்டிரைவையும் சரி செய்தாயிற்று. மருமகன் முறைத்துக்கொண்டே ஆப்பை எடுத்துவிட்டான். கடைக்குப் போய்ச் சொன்னேன், எங்கள் கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். அப்போதும் மூன்று பேர் கையில் பென்டிரைவோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.