மூன்று வேளையும் கறியும் முட்டையும் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமா?

சோமனூர் தறிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். வயது 46, எடை 94 கிலோ. சர்க்கரை வந்து சில வருசம் ஆகிவிட்டது. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாதச் சர்க்கரைச் சராசரி, 8.1. காலையில் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்ஃபார்மின் தனியாக. இந்தமுறை டாபாகிளிஃப்ளோசின் 10 புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40.

என் மச்சான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். பொங்கலுக்கு வந்தபோது சட்டைப் பித்தான் போட முடியாமல் இருந்த ஆள், எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வந்து நின்றால் எங்கம்மா "இது ஆரு?" என்று கேட்கிறது. சோறு, இட்லி, பழம், காய் எதையும் தொடுவதில்லையாம். காலையில் நெய்யில் நாலு முட்டை, மத்தியானம் கோழி, ராத்திரி மட்டன், இல்லாவிட்டால் மறுபடியும் முட்டை. கார்னிவோர் என்று பேர் சொல்கிறான். அவனுக்குச் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் எங்கப்பாவுக்குக் கால் பெருவிரல் வீங்கி யூரிக் ஆசிட் என்று சொன்னார்கள். கிட்னி கெட்டுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறாள். புரட்டாசிக்கு என்ன செய்வீங்க என்றும் கேட்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்ம பக்கம் யாராவது இப்படித் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால் நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க.

மூலனூர் ஆட்டுக்காரர்:

தறிக்காரரே, முதலில் காசைப் பேசிவிடலாம். கன்னிவாடி சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகிற ஆள் நான், கறி அதிகம் விற்றால் எனக்கு நல்லதுதான். இருந்தாலும் சொல்கிறேன். உயிர் எடை 20 கிலோ இருக்கிற வெள்ளாட்டை அறுத்தால் தோல், குடல், தலை, கால் போகப் பத்து கிலோ தேறினால் நல்ல ஆடு. அதிலும் எலும்பு கழியும். கடையில் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று விற்கிறார்கள். ஒரு ஆள் வேறெதுவும் தின்னாமல் நாளைக்கு முக்கால் கிலோ தின்றால் மாதம் இருபதாயிரத்துக்குப் பக்கம் வரும். தறிக்கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உங்க மச்சான் வண்டி நாமக்கல் முட்டையிலும் பல்லடத்துக் கோழியிலும் ஓடுகிறது. மட்டனெல்லாம் வாரம் ஒருநாள் போட்டோ எடுக்க.

மருந்துக்கடை அக்கா, கோபி:

தம்பி, கோபியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் உங்க மாத்திரைப் பட்டியலைப் படித்ததும் நல்லது கெட்டதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நாளைக்கே ஆரம்பித்துவிடாதீங்க.

கிளிமிப்ரைடு நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே கொண்டுவரும். மூணு இட்லி உள்ளே வரும் என்று நம்பி எழுதிக்கொடுத்த அளவு அது. அந்த இடத்தில் ஆம்லெட் வந்தால் சர்க்கரை ஏற வழியில்லை, மாத்திரை மட்டும் தன் வேலையைப் பார்க்கும். கை நடுங்கும், வேர்த்து ஊற்றும், கண்ணைக் கட்டும். நீங்க நிற்பதோ ஓடுகிற தறிப் பக்கத்தில்.

டாபாகிளிஃப்ளோசின் இன்னும் குசும்பு பிடித்தது. 2020இல் காப்புரிமை முடிந்து விலை சரிந்ததிலிருந்து எங்க கடையில் அது போகாத நாளே இல்லை. நல்ல மருந்து, இதயத்துக்கும் கிட்னிக்கும்கூட நல்லது செய்கிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு இதையும் விழுங்கினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அளவு மீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடலாம். இதில் வம்பு என்னவென்றால், குத்திப் பார்த்தால் மெஷின் 160, 180 என்று சாதுவாகக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று படுத்திருப்பார்கள். "சுகர் சரியாத்தான் இருக்குது, கறி சேரலை போல" என்று சோடா வாங்கிக் குடிப்பார்கள். ஐசியூவுக்குப் போகிற விசயம் அது. அதனால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், "இனி அரிசி, ராகி, கோதுமை எதுவும் சாப்பிடப் போவதில்லை, எதை நிறுத்த, எதைக் குறைக்க?" என்று நேராகக் கேளுங்க. பிரஷர் மாத்திரையையும் கேளுங்க, எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். மச்சானுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அவர் கதையை நீங்க அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இப்போது கறி. எங்க வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறவர், நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. டீயும் வடையும்தான் அவருக்கு வினை. யாரோ சொல்லி இதே மாதிரி கறி, முட்டை என்று இறங்கினார். கிடைத்த நல்லதை மறைக்க மாட்டேன். முதலில் பசி அடங்கியது. பதினோரு மணிக்கு வடைக்கடைப் பக்கம் கால் போவது நின்றது. புரதமும் கொழுப்பும் வயிற்றில் தங்குகிற மாதிரி சோறு தங்காது. ரத்தத்தில் ஓடுகிற ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 270இல் இருந்தது 130க்கு வந்தது. எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு ஏறியது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று குறைந்தது பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்த மாவுச்சத்து ஒரு கிராமுக்கு மூணு கிராம் நீரைப் பிடித்துக்கொண்டு இருக்கும், அது காலியானால் நீரும் போகும், உப்பும் போகும். கெண்டைக்கால் இழுக்கிறது, தலை வலிக்கிறது என்பதெல்லாம் இதனால்தான். அதற்குப் பிறகு குறைந்தது நிஜமான கொழுப்பு.

அவருக்கு முதலில் வந்த தொல்லை வேறு. கொழுப்பு ஆகாது என்று தோல் நீக்கிய பிராய்லர் நெஞ்சுக்கறியும், கொழுப்பு எடுத்த வெள்ளாட்டுக்கறியும் மட்டும் சாப்பிட்டார். வெள்ளாட்டில் சுத்தமான சதை 100 கிராம் எடுத்தால் புரதம் 20 கிராம் இருக்கும், கொழுப்பு மூணு கிராம்கூடத் தேறாது. ரெண்டே நாளில் குமட்டல், பேதி. 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மேற்பார்வையில் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் பயணியும் அவர் கூட்டாளி ஆண்டர்சனும் ஒரு வருசம் கறி மட்டுமே சாப்பிட்டுக் காட்டினார்கள். அதில் ஸ்டெஃபான்சனுக்கு முதலில் கொழுப்பில்லாத கறியாகக் கொடுத்தபோது இதே கதைதான். கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அவர்கள் சாப்பிட்ட கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பு. ரெண்டு பேருக்கும் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைந்தால் வருகிற நோய், வரவில்லை. கறி ஆதரவாளர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிற சோதனை அது. ஆனால் ரெண்டே ரெண்டு பேர், ஒரே வருசம். இருபது வருசத்துக் கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

ஆக, சோறு போனால் அந்த இடத்தில் கொழுப்பு வந்தாக வேண்டும். எந்தக் கொழுப்பு என்பதில்தான் சிக்கல். நெய், தோலோடு கோழி, செம்மறிக் கொழுப்பு என்று சேர்த்ததில் பேதி நின்றது, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 128இல் இருந்து 196க்குப் போய் நின்றது. எல்லாருக்கும் இப்படி ஏறாது, சிலருக்கு ஏறும். ட்ரைகிளிசரைடு நன்றாக இருந்தால் எல்டிஎல் ஏறினாலும் பரவாயில்லை என்று யூடியூபில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்காரரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. உங்க இதயத்துக்கு ஏற்கெனவே ஒரு பாரம் இருக்கிறது.

அப்புறம் மலச்சிக்கல். கறியில் நார்ச்சத்து பூஜ்யம். இதைப் பற்றி அதிகம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, என் கடையில் இசப்கோல் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் டயட் ஆட்கள் என்பதோடு விடுகிறேன்.

யூரிக் ஆசிட் உங்க குடும்பத்திலேயே இருக்கிறது. ஈரல், குடல், மண்ணீரல் இவற்றில்தான் யூரிக் ஆசிட்டாக மாறுகிற பியூரின் அதிகம். போதாக்குறைக்கு ஆரம்பத்தில் கீட்டோன் கூடும்போது கிட்னி யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவதும் குறையும். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பும் ரத்தப்பொரியலும் ருசிதான், செவ்வாய்க்கிழமை பெருவிரல் பேசும். கிட்னி நன்றாக இருக்கிறவருக்குக் கறியால் கிட்னி கெடும் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அதிகப் புரதம் அதை வேகமாக இழுத்துவிடும். சர்க்கரைக்காரர்களில் பலருக்குப் பழுது தொடங்கியதே தெரியாது. கிட்னி எப்படி வடிகட்டுகிறது என்று காட்டுகிற ரத்தக் கிரியாட்டினினோடு, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் ஒழுகுகிறதா என்பதும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்க. ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி மட்டனைக் கட்டாதீங்க, வேகவைத்த கறியே கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும்.

உங்களுக்குக் கறியால் ஒரு நல்லது கட்டாயம் உண்டு. மெட்ஃபார்மின் வருசக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையும். கால் மதமதப்பைச் சர்க்கரை நரம்பு என்று நினைத்துக்கொண்டே இருப்பார்கள், பார்த்தால் பி12 தரைதட்டியிருக்கும். முட்டையும் கறியும் அதற்கு நல்லது.

பீளமேடு ஜிம் பையன்:

அக்கா சொன்ன மாத்திரை விசயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கறிமேல் இவ்வளவு சந்தேகம் வேண்டாமே. நம்ம முன்னோர்கள் ஆடு மாடு வைத்திருந்தவர்கள், கறி தின்று வளர்ந்த உடம்பு நமக்கு. காங்கயம் காளை வளர்த்த ஊரில் கீரை தின்றா வாழ்ந்தார்கள்? அரிசி வந்த பிறகுதான் சர்க்கரை வந்தது.

மூலனூர் ஆட்டுக்காரர்:

தம்பி, காங்கயம் காளையை ஏர் ஓட்டவும் வண்டி பூட்டவும் வளர்த்தார்கள், தின்ன இல்லை. எங்கப்பாரு பட்டியில் நூறு உருப்படி மேய்ந்தது. வீட்டில் கறி வெந்தது நோம்பிக்கும், கெடாவெட்டுக்கும், மாப்பிள்ளை வந்தால் ஒரு கோழியும். ஆடு என்றால் பேங்கில் போட்ட பணம், கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் விற்பதற்கு. தின்றது கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, தட்டைப்பயறு. அதைத் தின்றுவிட்டு ஏத்தம் இறைத்தார்கள். அரிசிமேல் பழி போடுவதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி, நாம் ஏத்தம் இறைப்பதை விட்டதற்கு.

சோமனூர் தறிக்காரன்:

அக்கா, ரொம்ப நன்றிங்க. டாக்டரைப் பார்த்தேன். டாபாவை நிறுத்தச் சொல்லிவிட்டார், கிளிமிப்ரைடைப் பாதியாக்கிக் காலையும் ராத்திரியும் குத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். ஆல்புமின் கொஞ்சம் இருக்கிறது, அதனால் கறி மட்டும் என்பது வேண்டாம், சோற்றைக் குறையுங்க என்றார். யூரிக் ஆசிட் 7.4. உங்க வீட்டுக்காரர் இப்போது என்ன சாப்பிடுகிறார்? அந்த எல்டிஎல் என்னாச்சு? புரட்டாசிக்கு வழி இருக்கா?

மருந்துக்கடை அக்கா, கோபி:

நல்ல டாக்டர். அவர் சொன்னபடி போங்க.

எங்க வீட்டில் இப்போது கறி இருக்கிறது, கறி மட்டும் இல்லை. காலையில் ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் வேகவைத்த பச்சைப்பயறும். மத்தியானம் தட்டில் பாதி கீரை, பீர்க்கங்காய், அவரை என்று ஏதாவது, கால்பங்கு கோழியோ மீனோ, சோறு ஒரு சின்னக் கரண்டி. ராத்திரி பெரும்பாலும் கொள்ளுப்பருப்பு, முட்டை. நெய்யைக் குறைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு வந்தோம். மட்டன் ஞாயிற்றுக்கிழமை. எல்டிஎல் 134க்கு இறங்கியது, ட்ரைகிளிசரைடு ஏறவில்லை. வடையும் சர்க்கரை போட்ட டீயும் ரெண்டு தட்டுச் சோறும் போனதில்தான் அவருக்குப் பாதிக்கு மேல் நல்லது நடந்திருக்கிறது என்பது என் கணக்கு. கறி அதற்குக் கைகொடுத்தது, வயிறு கேட்காமல் பார்த்துக்கொண்டது.

கோழி செய்தால் பள்ளிபாளையம் மாதிரி செய்யச் சொல்லுங்க. சின்ன வெங்காயத்தை வதக்கி, விதை உதறிய வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, மஞ்சள், உப்பு, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய். தக்காளி வேண்டாம், மசாலாப் பொடி வேண்டாம், மாவு எதுவும் சேராது. குழம்பாக வைத்தால்தான் சோறு கேட்கும், இது வறட்டலாக இருப்பதால் கீரையோடு போய்விடும். தேங்காயைப் பாதியாகக் குறைத்துப் போடுங்க, அதுவும் நெய் மாதிரி எல்டிஎல்லை ஏற்றுகிற நிறைகொழுப்புதான். கடையில் பாக்கெட்டில் விற்கிற சாசேஜ், சலாமி வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015லேயே பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆட்டுக்கறியெல்லாம் அடங்கிய சிவப்பு இறைச்சி அதற்கு ஒரு படி கீழே, 'வாய்ப்பு உண்டு' என்கிற வகையில் இருக்கிறது.

புரட்டாசிக்குப் பனீர், தயிர், கொள்ளு, பாசிப்பயறு, நிலக்கடலை போதும், அந்த மாதத்தில் மட்டும் சோறு கூடாமல் பார்த்துக்கொண்டால் சரி. கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்கிறது, அதோடு மாவுச்சத்தும் இருக்கிறது, அதனால் அளவாக. யூரிக் ஆசிட்டுக்குக் குடல், ஈரலைத் தள்ளிவையுங்க, தண்ணீர் நிறையக் குடியுங்க. பெருவிரல் வீங்கினால் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, டெல்மிசார்டன் சாப்பிடுகிறவருக்கு அது கிட்னியில் போய் முடியும். மூணு மாதம் கழித்து ஹெச்பிஏ1சியும் ரத்தக் கொழுப்பும் எடுத்துவிட்டு இங்கேயே எழுதுங்க.